தனியாக உட்கார ஓர் இடம்

காரிமங்கலம்
24.6.2024

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

அக்கா பாஞ்சாலி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அந்தத் தோள்வலி விட்டதா? உன் வீட்டுக்காரர், தம்பி முனிராஜ் சுகமா? கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இங்கே எல்லாரும் நன்றாகவே இருக்கிறோம்.

கையில் ஃபோன் இருக்கும்போது இதென்ன வேலை என்று கேட்பாய். உன் மாமா மே மாதம் ரிட்டயர்டு ஆனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். நான் ஃபோனை எடுத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். "நானும் கேக்கறனே, நானும் அந்த வூட்டு மாப்பிள்ளதானே" என்கிறார். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அதைத் திருத்துகிறார். போன வாரம் உன் மாடு கன்று போட்டதைப் பற்றி நாம் இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசிவிட்டோம் இல்லையா, அன்று முழுக்க "என்னா பேசனீங்க, என்னா பேசனீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா பேச்சு, பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன்.

பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது ஏறிப் பார்க்க பஸ் இல்லை, நான்தான் இருக்கிறேன். தமாஷுக்குச் சொல்கிறேன். நல்ல மனுஷர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, உனக்கே தெரியும்.

இதைக் குள்ளம்மாளின் மாவு மில்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாவுத் தூசி ஏறினால் உன் மாமாவுக்குத் தும்மல் நிற்காது. அதனால் இங்கு மட்டும் தனியாக வருகிறேன். பதில் போடுவதென்றால் குள்ளம்மாள் பேருக்கு, மில் விலாசத்துக்கே போடு.

ஒரு சந்தோஷமான செய்தி. தன் அப்பா ரிட்டயர்டு ஆனதற்காகக் கதிரவன் எங்கள் இரண்டு பேரையும் கர்நாடகத்து மலைநாட்டில் ஒரு மழைக்காட்டு லாட்ஜுக்கு அனுப்பப் போகிறானாம். காட்டுக்குள்ளேயே நாலு நாள் தங்கல். கூடவே ஒரு கைடு வந்து எல்லாவற்றையும் காட்டுவாராம். செப்டம்பர் கடைசியில். அங்கே ஃபோன் எடுக்காதாம். உன் மாமாவுக்கு அதுதான் கவலை.

ராகி அரைத்தாயிற்று, கூப்பிடுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
பாஞ்சாலி

---

ஏரியூர்
3.7.2024

என் அக்காவுக்கு,

கோகிலாவின் கும்பிடு. தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, அது என்னை விட்டுப் போகாது. கன்றுக்குட்டி துள்ளுகிறது. இவர் ஆடு வாங்கி விற்கிறேன் என்று சந்தை சந்தையாகப் போய்விடுகிறார். நான் வீட்டில் இருக்கிறேனா கிணற்றில் விழுந்தேனா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. உனக்கு அப்படி ஒருத்தர், எனக்கு இப்படி ஒருத்தர்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்ல மனுஷர் என்று நீ எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சில சந்தேகம். மாரியம்மன் பண்டிகைக்கு நீ வரவில்லை. காய்ச்சல் என்று மாமாதான் ஃபோனில் சொன்னார். உன் குரலை நான் கேட்கவில்லை. நிஜமாகவே காய்ச்சலா? மகளிர் குழுவில் ஊக்குநராக இருந்தாயே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. கூட்டத்துக்குப் போகிறாயா?

அந்தக் காட்டுக்குக் கட்டாயம் போய் வா. அங்கே இருப்பவர்கள் நம் அம்மா பேச்சு பேசுகிறவர்கள். வாய் நிறையப் பேசிவிட்டு வா. ஊரே பேசினால் மாமா எத்தனை பேரை நிறுத்த முடியும்?

மழை வந்தால் நிலக்கடலை போடலாம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோகிலா

---

காரிமங்கலம்
19.8.2024

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் உன் மாமா முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு மில்லுக்கும் கூடவே வந்துவிட்டார். "தனியா எதுக்கு மூட்டய தூக்கற, நான் எதுக்கு இருக்கேன்" என்றார். இரண்டு தடவை அப்படிப் போயிற்று. மாஸ்க்கையும் மீறித் தும்மல் வந்து, இன்றைக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். குள்ளம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டே, "எழுதுக்கா, நீ எழுது, வந்தாருன்னா நான் இருமறேன்" என்கிறாள்.

குழுவைக் கேட்டிருந்தாய். பொறுப்பை எழிலரசிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கும் வயசாகிறது, எவ்வளவு நாள் அலைவது? உன் மாமாவும் அதைத்தான் சொன்னார்.

இங்கே மழை பரவாயில்லை. அங்கே கடலை முளைத்ததா? காட்டுக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குள்ளம்மாள் இருமுகிறாள்.

பாஞ்சாலி

---

மழைக்காட்டு லாட்ஜ்
26.9.2024

கோகிலா,

நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். எனக்குச் சொல்ல அவ்வளவு இருக்கிறது.

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். கீழே ஊரிலிருந்து ஜீப்பில் மண்ரோட்டில் வர வேண்டும். நம் ஊரில் மழை வந்தால் வாசலுக்கு வந்து பார்ப்போம். இங்கே மழையை யாரும் பார்ப்பதில்லை, அது பாட்டுக்குப் பெய்கிறது. மரத்தின் மேலேயே இன்னொரு செடி முளைத்து, அதன் மேல் பாசி பிடித்து, எந்த இலை எந்த மரத்தினுடையது என்றே தெரியவில்லை. பலகையால் கட்டிய சின்ன வீடு கொடுத்திருக்கிறார்கள். டிவி கிடையாது. பெரிய அண்டாவில் விறகு போட்டுக் குளிக்கத் தண்ணீர் காய்ச்சித் தருகிறார்கள். துவைத்த துணிதான் காயவே மாட்டேன் என்கிறது.

கைடு பேர் மஞ்சுநாத், சின்ன வயசுதான். அவருக்குத் தமிழ் வராது. உன் மாமா வந்ததும் வராததுமாக, "ஒரு நாளைக்கு எத்தினி கிலோமீட்டர் நடக்கணும்? எத்தினி மணிக்கு ரூமுக்குத் திரும்பலாம்?" என்று கேட்டார். மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன் கோகிலா, அம்மா பேச்சு தானாக வந்து விழுந்தது. கதிரவன் பிறந்தபோது, "வூட்ல அந்தப் பேச்சு வேணாம், பையனுக்குத் தமிழ் கெட்டுப்பூடும்" என்று உன் மாமா சொன்னதிலிருந்து நான் வீட்டுக்குள் வாய் நிறையப் பேசியதில்லை. மஞ்சுநாத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நிம்ம ஊரு யாவுதம்மா?" என்று கேட்டார். என் ஊர் எது என்று யாரும் என்னைக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. ஏரியூர் என்று சொன்னேன். காரிமங்கலம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அதிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான் நடக்கிறது. "என்னா சொல்றான்?" என்று உன் மாமா கேட்பார், நான் சொல்வேன். மைசூரிலிருந்து கல்லூரியில் பாடம் நடத்துகிற புருஷன் பெண்டாட்டி இருவரும் வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் நானும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரேயடியாகப் பேசினோம். உன் மாமா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

இன்று காலையில் நடந்தோம். இருவாட்சி என்று ஒரு பறவை. தலைக்கு மேலே பறந்தால் மேட்டில் ஏறுகிற பழைய பஸ் மூச்சு வாங்குகிற மாதிரி சிறகுச் சத்தம். ஓணான் ஒன்று மரத்திலிருந்து மரத்துக்கு மிதந்து போனது. உன் மாமா கழுத்தில் அட்டை ஏறிவிட்டது. "எடு, எடு, பாஞ்சாலி எடு" என்று கத்தினார். நான் நகத்தால் வழித்துப் போட்டேன். அவர் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

நாளைக்கு ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகப் போகிறார். ஓடையோரமாக ஆளுக்கு ஓர் இடத்தில் தனியாக உட்கார வேண்டுமாம். பேசக் கூடாது. காடு பேசுவதை மட்டும் கேட்க வேண்டுமாம். உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருக்கிறார்.

தபாலை ஜீப்காரர் எடுத்துப் போகிறார். இங்கே இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொன்னால்கூட இருப்பேன்.

உன் பாஞ்சாலி

---

காரிமங்கலம்
16.10.2024

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம்தானே? மாமாவின் கால் பற்றி ஃபோனில் கேட்டிருப்பாய். அவர் சொன்னதைத்தான் கேட்டாய். நடந்ததை நான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சுநாத் எங்களை ஓடைக்குக் கூட்டிப் போனார். மைசூர்க்காரர்களை ஆளுக்கொரு பக்கம் உட்கார வைத்தார். உன் மாமாவை ஒரு பெரிய மரத்தடியில் விட்டார். என்னை இன்னும் மேலே, ஓடைக்கு அக்கரையில், பாறைக்குப் பின்னால். எழுந்து போகக் கூடாது, நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. மஞ்சுநாத் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். மரத்தடியில் உன் மாமா இல்லை. குடை மட்டும் கிடந்தது. மஞ்சுநாத் முகத்தில் ரத்தமே இல்லை. விசில் ஊதினார். லாட்ஜிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். என்னைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, மைசூர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மஞ்சுநாத் ஒரு தடவை வந்து, "அம்மா, உங்களுக்கு ஏதாவது குரல் கேட்டதா, எந்தப் பக்கமிருந்து?" என்று கேட்டார். தண்ணீர்ச் சத்தம் அதிகம் என்றேன்.

சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். ஓடையில் வெகுதூரம் கீழே, இரண்டு பாறைக்கு நடுவில் கால் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். இடுப்பு வரைக்கும் தண்ணீர். கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். வழி தவறிவிட்டேன் என்று சைகையில் சொன்னார். ரோட்டில் மரம் விழுந்திருந்ததால் மறுநாள்தான் கீழே இறங்க முடிந்தது.

கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். தை வரைக்கும் ஊன்றக் கூடாது. ஹாலில் கட்டில் போட்டிருக்கிறேன். கூப்பிட வசதியாக இருக்கும் என்று கம்பியில்லாத காலிங்பெல் ஒன்று வரவழைத்துக்கொண்டார். அமுக்குவது அவர் தலைமாட்டில், சத்தம் வருவது சமையலறையில். குருவி கத்துகிற மாதிரி கத்துகிறது. இனி கடை மாவையே வாங்கிக்கொள்ளலாம், மில்லுக்கு அலைய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் கடைசி.

நீ வருத்தப்படாதே. நான் பார்த்துக்கொள்வேன்.

பாஞ்சாலி

---

ஏரியூர்
25.10.2024

அக்காவுக்குக் கோகிலா,

மாமா கால் சீக்கிரம் கூட வேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கடலை வண்டியேறிவிட்டது.

உன்னை ஒன்று கேட்கிறேன். தண்ணீர்ச் சத்தம் அதிகம் என்று மஞ்சுநாத்திடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மாமா குரல் உனக்குக் கேட்டதா இல்லையா என்று எழுதவில்லை. மாமா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் தெருவுக்கே கேட்கும். எனக்கு எழுத வேண்டாம் என்றால் எழுதாதே. ஆனால் உள்ளே வைத்துக்கொண்டு கிடக்காதே.

கோகிலா

---

ஏரியூர்
2.12.2024

அக்கா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன்னைப் பார்க்க வந்தேன், பார்த்தேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அதனால் பேச வந்ததை எழுதுகிறேன். எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. நான் அக்டோபரில் போட்ட கடிதமே இன்னும் மில்லில்தான் கிடக்கிறது, குள்ளம்மாள் காட்டினாள். அதையும் இதையும் சேர்த்து எப்படியாவது உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் துணி துவைக்கப் பின்பக்கம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குருவி கத்தியது. நீ கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாய். "என்னாங்க?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, சும்மா, இருக்கியான்னு பாத்தேன்" என்றார். திரும்பி வந்து சோப்பை எடுத்தாய், மறுபடி குருவி. நீ வெங்காயம் நறுக்கும்போது கத்தியது, குளிக்கப் போனபோது கத்தியது. கத்தும் முன்னாலேயே உன் தோள் தூக்கிக்கொள்கிறது அக்கா. அது உனக்குத் தெரியுமா?

நான் மாமாவிடம் கேட்டேனே, நீயும் அங்கேதானே நின்றாய். "மாமா, அக்காவ ஒரு பத்து நாளு எங்க வூட்டுக்கு அனுப்புங்க. இவரு வந்து உங்களப் பாத்துக்குவாரு" என்றேன். மாட்டேன் என்று சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். "அவ இல்லாம நான் எப்பிடிம்மா இருக்கறது, நீயே சொல்லு" என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். நீ அவர் போர்வையைச் சரிசெய்தாய்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் கண்ணில் நின்றது.

கோகிலா

---

காரிமங்கலம்
21.12.2024

கோகிலாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. மாமா காலைப் பார்க்க வருகிற மாதிரி குள்ளம்மாள் வந்து, கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தாள். நீ சுகமாக இரு. இதைக் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். குழாயைத் திறந்து விட்டிருக்கிறேன். இங்கேயும் குருவிச் சத்தம் கேட்கும், ஆனால் குளிக்கிறேன் என்று சொல்லலாம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கேட்டது.

அதற்கு முன்னால் இன்னொன்றும் உண்டு. அன்று காலையில் உன் மாமா, "அவ தனியா எல்லாம் உக்கார மாட்டா, என்கூடத்தான் உக்காருவா, சொல்லு அவன்கிட்ட" என்றார். நான் சொன்னேன். மஞ்சுநாத், அதற்கென்ன அம்மா, இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள், உங்கள் விருப்பம் என்றார். உன் மாமா, "என்னா சொல்றான்?" என்று கேட்டார். நான், "தனியாத்தான் உக்காரணுமாம், இங்க அதான் சட்டமாம்" என்று மாற்றிச் சொன்னேன். மஞ்சுநாத்திடம் திரும்பி, அவர் தனியாகவே இருக்கிறேன் என்கிறார் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, கை சும்மா இருக்கத் தெரியாமல் சேலையை நீவிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாருக்கும் எதுவும் தேவையில்லை. அந்த மாதிரி நான் எப்போது உட்கார்ந்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் "பாஞ்சாலீ" என்று கூப்பிட்டார். வீட்டில் கூப்பிடுகிற அதே மாதிரிதான். பயந்த குரல் இல்லை கோகிலா, இது சத்தியம். தண்ணீர் எங்கே, துண்டு எங்கே என்று கேட்கிற குரல். மறுபடி கூப்பிட்டார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இந்த ஒரு தடவை போக மாட்டேன் என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் மழை வந்தது, குரல் நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ன ஆயிற்று என்று எழுந்து பார்க்கவில்லை.

மஞ்சுநாத் கேட்டபோது இன்ன பக்கம் என்று கை காட்டியிருந்தால் அவரைச் சீக்கிரம் எடுத்திருப்பார்கள். காட்டவில்லை. காட்டினால், கேட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்று இருந்தது. அந்தப் பையனைப் பிறகு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அதனால்தான் போர்வையைச் சரிசெய்தேன். குருவி கத்தினால் ஓடுகிறேன். நான் போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

குழாயடியில் இன்னொரு பக்கெட் நிரம்பி வழிகிறது.

பாஞ்சாலி

---

ஏரியூர்
30.12.2024

அக்காவுக்கு,

நானும் இவரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. இடுப்பு வரைக்கும் வந்த தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்திருந்தால் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், உன்மேல் பயமாகவே இருந்தது.

அப்புறம் உன் தோள் தூக்கிக்கொள்வதை நினைத்தேன்.

நீ செய்ததற்கு அபராதமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தால், மறுபடி ஒரு நாள் அதேபோலத்தான் உட்கார்ந்துவிடுவாய். அது அவருக்கும் நல்லதில்லை. மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. தை பிறந்ததும் இங்கே வா. புளி உலுக்கப் போகிறோம், எனக்கும் கை வேண்டும். இந்தத் தடவை நான் அவரிடம் கேட்க மாட்டேன். நீயும் போகட்டுமா என்று கேட்காதே. போகிறேன் என்று சொல்.

உன் கோகிலா

---

காரிமங்கலம்
29.1.2025

சௌபாக்கியவதி கோகிலாவுக்கு,

மாமா மாதவராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டியது. நான் ஒரு கைத்தடியுடன் நடக்கிறேன்.

பாஞ்சாலி நேற்றுக் காலையில் புறப்பட்டாள். இந்நேரம் உங்கள் வீட்டில் இருப்பாள். ஃபோன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வதை அவளே சொன்னாள். அதனால் நானும் எழுதுகிறேன். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றுகொண்டுதான் பரிமாறுவாள். "அன்னைக்குக் காட்டுல நீங்க கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. கேட்டும் நான் வர்ல" என்றாள். கைடு சொன்னதை மாற்றிச் சொன்னதையும் சொன்னாள். "நாளைக்குக் கோகிலா வூட்டுக்குப் போறேன். தனியாப் போறேன்" என்றாள். "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றேன். ஊற்றினாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

அவளிடம் சொல்ல வாய் வராததை உன்னிடம் சொல்கிறேன்.

நான் அன்று வழி தவறவில்லை. உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாஷையும் தெரியாது, அவளும் இல்லை. எழுந்து ஓடையோரமாகவே மேலே போனேன். அக்கரையில் பாறைக்குப் பக்கத்தில் அவள் முதுகு தெரிந்தது. கூப்பிட்டேன். அவள் தலை லேசாகத் திரும்பி, நின்றது. இத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறவன், என் குரல் காதில் விழுந்தால் அவள் கழுத்து எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? மறுபடி கூப்பிட்டேன். அவள் நேராக உட்கார்ந்துகொண்டாள். அக்கரைக்குப் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று ஓடையில் கால் வைத்தேன். தண்ணீர் இழுத்துவிட்டது.

பாறைக்கு நடுவில் கிடந்தபோது உதவிக்கு ஆள் வேண்டும் என்றுதான் கத்தினேன். அவள் பேரைச் சொல்லிக் கத்தவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். வீட்டுக்கு வந்த பிறகு, கூப்பிட்டால் வருகிறாளா, வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தாள். ஒவ்வொரு தடவையும் வந்தாள். வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அவளைத் திருப்பி அனுப்பு என்று கேட்க எழுதவில்லை. நான் பார்த்தேன் என்பதை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஏரியூர்ப் பக்கம் பனி அதிகம், அவள் சால்வை எடுத்துப் போகவில்லை.

இப்படிக்கு
மாதவராஜ்

---

ஏரியூர்
20.2.2025

கதிரவன் அப்பாவுக்கு,

பாஞ்சாலி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது? நமக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிரிந்து இருந்தால்தானே எழுதுவதற்கு?

உங்கள் கடிதத்தைக் கோகிலா அன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. தினமும் எழுத உட்காருவேன், கோபம் வரும், எழுந்துவிடுவேன். நான் திரும்பாததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தும் இத்தனை மாதம் என்னை ஓட வைத்தீர்கள். நானும், கேட்டும் வராதவள், வேறு முகம் வைத்துக்கொண்டு உங்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். யார் கணக்கில் அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

உங்கள் கால் உடைந்ததற்கு வருத்தப்படுகிறேன். மஞ்சுநாத்திடம் வழி காட்டாததற்கு அதைவிட அதிகம் வருத்தப்படுகிறேன். ஆனால் தனியாக உட்கார்ந்ததற்கு வருத்தப்பட எனக்கு வரவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கீழே ஊரில் இருக்கிற லாட்ஜ் ஆபீஸுக்குக் கோகிலா மகளைக் கொண்டு ஃபோன் பண்ணச் சொன்னேன். மஞ்சுநாத்தை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் இந்த சீசன் முழுக்க வெளியே கூட்டிப்போக விடாமல் சமையல்கட்டில் வைத்திருக்கிறார்கள். அவன்மேல் தப்பு இல்லை, சொல்லியும் எழுந்து போனது நான்தான் என்று நீங்கள் உங்கள் கையால் எழுதி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். நான் மாற்றிச் சொன்னதை நானும் எழுதி அனுப்பிவிட்டேன்.

இங்கே புளி ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விரலெல்லாம் கறுத்துவிட்டது. வேலை முடிந்ததும் வருகிறேன். வந்த பிறகு செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்குப் போவேன், தனியாக. மில்லுக்கும் அப்படித்தான். கோகிலாவோடு ஃபோனில் பேசும்போது நீங்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். எனக்கு எந்தப் பேச்சு வருகிறதோ அதில் பேசுவேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு தடவை வாயால் கூப்பிடுங்கள். உடனே வரவில்லை என்றால் வேலையாக இருக்கிறேன் என்று அர்த்தம். விட்டுப் போய்விட்டேன் என்று அர்த்தம் இல்லை. இதெல்லாம் உங்களால் முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். கோகிலா வீட்டில் எனக்கு இடம் இருக்கிறது.

ரசப்பொடி மேல்தட்டில் நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வருகிற தேதியை எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்க வேண்டாம். நானே வந்து கதவைத் தட்டுகிறேன். கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்து வாருங்கள். நான் வெளியே காத்திருக்கிறேன்.

பாஞ்சாலி